நடுவில் ஒரு பெட்டி

5 ஆகஸ்ட் 1997, செவ்வாய்

கிள்ளானிலிருந்து வரும் கொம்யூட்டர் ரயில் இன்றும் தாமதம். கோலாலம்பூர் ஸ்டேஷனில் இறங்கி, மினி பஸ்ஸில் தொங்கிக்கொண்டு பிரிக்ஃபீல்ட்ஸ் போய்ச் சேர்ந்தபோது வகுப்பு தொடங்கியிருக்க வேண்டிய நேரம் எப்போதோ தாண்டிவிட்டது. மாணவர்கள் சந்தோஷமாக இருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அந்தச் சந்தோஷம் போய்விட்டது.

புதிய பாடம். நெட்வொர்க்கை அடுக்கு அடுக்காகக் கட்டுவது. புத்தகத்தில் கோர், டிஸ்ட்ரிபியூஷன், ஆக்செஸ் என்று மூன்று அடுக்கு. எனக்குள் மையம், நடு, விளிம்பு என்று வைத்துக்கொண்டிருக்கிறேன். போர்டில் படம் போட்டேன்: மேலே ஒரு பெட்டி, நடுவில் இரண்டு, கீழே நாலைந்து, அதற்கும் கீழே கம்ப்யூட்டர்கள். திரும்பினால் பாதிப் பேர் கொட்டாவி. கீழே பூக்கடையிலிருந்து மல்லிகை வாசம் வேறு. யாருக்குத்தான் தூக்கம் வராது?

சரி என்று எல்லாரையும் கல்யாண மண்டபத்துக்கு அழைத்துப்போனேன். வாயால்தான். பந்தியில் உட்கார்ந்திருக்கிறவன் கம்ப்யூட்டர். இலைக்கு முன்னால் வாளியோடு நிற்கிறவன் விளிம்பு. சமையல்கட்டு மையம். சமையல்காரன் வெளியே வந்து யாருக்கு ரசம் என்று கேட்க மாட்டான். கொதிப்பதை வேகமாக இறக்கிக் கொடுப்பது மட்டும்தான் அவன் வேலை. இரண்டுக்கும் நடுவில் தோளில் துண்டோடு ஒருவர் நிற்பார், பெண்ணின் சித்தப்பா. எந்த வரிசைக்கு எது போக வேண்டும், எந்தக் கூச்சலைச் சமையல்கட்டு வரைக்கும் விடக்கூடாது என்று பார்க்கிறவர் அவர். அவர்தான் நடு அடுக்கு.

"மிஸ், அந்தச் சித்தப்பா எப்ப சாப்பிடுவாரு?" என்று கேட்டான் விஜயன். வகுப்பில் வாய் அவனுக்குத்தான்.

"கடைசிப் பந்தியில" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். எழுதிக்கொண்டவள் சீதாலெட்சுமி ஒருத்திதான். கூட்டித் துடைக்கிற வீரம்மாவின் மகள். தாய் இங்கே வேலை செய்வதால் அவளுக்குப் படிப்பு இலவசம்.

மாலையில் தியாகராசா சார் கூப்பிட்டார். காலேஜின் முதலாளி, பிரின்சிபல் எல்லாம் அவரே. அவருடைய அப்பாவும் என் அப்பாவும் ஒரே இலாகாவில் கிளார்க். இரண்டு குடும்பமும் யாழ்ப்பாணத்து வழி. சுபாங் ஜெயாவில் புதுக் கட்டடம் எடுத்தாகிவிட்டது, விஜயதசமியன்று திறப்பு. "லேப் முழுக்க உம்மட பொறுப்பு, குணா. நீர் வரையும், நீரே நடத்தும்" என்றார். இதைச் சொல்லித்தான் என்னை அரசாங்க வேலையிலிருந்து இழுத்து வந்தார். ஆறு வருஷம். கடைசியில் வாய் திறந்துவிட்டார்.

10 ஆகஸ்ட், ஞாயிறு

சுபாங் ஜெயா வரைபடம் முடிந்தது. நாலு மாடி. மாடிக்கு ஒரு ஸ்விட்ச், அதாவது ஒயரெல்லாம் வந்து சேரும் பெட்டி; அதில் அந்த மாடிக் கம்ப்யூட்டர்கள். நடுவில் புத்தியுள்ள பெட்டி ஒன்று, நாலு மாடியையும் பிரித்துக் கட்டிக் காக்க. மேலே மையம். ஒரு மாடியில் என்ன கோளாறு வந்தாலும் நடுப்பெட்டி அதை அங்கேயே நிறுத்திவிடும்; மற்ற மாடிக்காரர்களுக்குத் தெரியக்கூடத் தெரியாது.

சாப்பாட்டு மேசை முழுக்கத் தாள். வீட்டுக்காரர் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றே சாப்பிட்டார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா நடுவில இருக்கிற பெட்டிக்குத்தான் செலவு கூடப்போல" என்றார் கனகலிங்கம். துறைமுகத்தில் தலைமைக் கிளார்க்காக இருப்பவருக்கு எதைப் பார்த்தாலும் அதுதான் கண்ணில் படும்.

21 ஆகஸ்ட், வியாழன்

இன்று சுற்று என்னும் பாடம். ஒரே ஒயரின் இரண்டு முனையையும் ஒரே ஸ்விட்சில் சொருகினால் என்ன ஆகும்?

மறுபடியும் பந்திதான். ஒருவன் "பாயாசம் வரல" என்று கத்துகிறான். பக்கத்தில் இருப்பவன் அதையே அடுத்தவனுக்குக் கத்துகிறான். வரிசை நேராக இருந்தால் சத்தம் கடைசி ஆளோடு நின்றுவிடும். வரிசை வட்டமாக இருந்தால்? கத்தல் சுற்றி வந்து முதல் ஆளின் காதிலேயே விழும். அவன் புதுச்செய்தி என்று நினைத்து மறுபடியும் கத்துவான். மண்டபம் முழுக்கக் கூச்சல், ஒரு இலையிலும் சோறு விழாது. மலிவு ஸ்விட்சுக்கு வட்டம் எது, வரிசை எது என்று தெரியாது.

"அப்ப நடுவுல சித்தப்பா இருந்தா?" சீதாலெட்சுமிதான் கேட்டாள். அடக்கமாகக் கேட்கிற குரல்.

"அந்த ஒரு வரிசை மட்டும் பட்டினி. மத்தவங்க சாப்பிட்டுட்டுப் போயிடலாம்."

இந்த ஒன்றை ஒழுங்காகப் புரிந்துகொண்டால் போதும், மீதியெல்லாம் கடையில் வாங்கலாம்.

12 செப்டம்பர், வெள்ளி

கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதை.

ரிங்கிட் மதிப்பு விழுந்துகொண்டே இருக்கிறது. வெளிநாட்டுப் பெட்டிகளின் விலை ஏறிவிட்டதாம். தியாகராசா சார் என் வரைபடத்தை விரித்து வைத்துச் சிவப்புப் பேனாவை எடுத்தார். "மேல ஒண்டு இருக்கு. கீழ நாலு இருக்கு. நடுவில இது என்ன செய்யுது?"

சொன்னேன். பாயாசம் வரைக்கும் சொன்னேன். பக்கத்தில் மாரிஸ். நுழைந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மார்க்கெட்டிங் பார்க்க வந்தவர், டை கட்டுவார், ஆங்கிலம் மணக்கும். என் நோட்ஸை வாங்கிப் போய்த்தான் சாயங்கால வகுப்பு எடுக்கிறார். "மிஸஸ் குணா, சின்ன இடம்தானே. எல்லாத்தையும் நேரா சேத்துட்டா ஓடும் லா" என்றார்.

ஓடும். ஒன்றும் நடக்காத வரைக்கும் எல்லாம் ஓடும்.

சிவப்புப் பேனா நடுவில் ஒரு கோடு போட்டது. "அடுத்த வருஷம் பாப்பம்" என்றார். புத்தியுள்ள பெட்டி போனது. கீழே வருவதும் மலிவு ஸ்விட்ச்தான். இனி நாலு மாடியும் ஒரே வரிசை, ஒரே கூச்சல்.

24 செப்டம்பர், புதன்

காட்டுத்தீப் புகைமூட்டம். எதிர்க்கட்டடம் தெரியவில்லை. வகுப்பில் எல்லாரும் முகமூடி போட்டிருந்தார்கள், யார் கொட்டாவி விடுகிறார்கள் என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

8 அக்டோபர், புதன்

எழுதக் கை வரவில்லை. எழுதாவிட்டாலும் தூக்கம் வராது.

ஸ்டாஃப் கூட்டத்தில் அறிவித்தார். சுபாங் ஜெயா லேப் பொறுப்பு — மாரிஸ். எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். வேறென்ன செய்ய, கையை எங்கே வைத்துக்கொள்ள?

முடிந்ததும் அறைக்குள் போய்க் கேட்டேன். சார், எனக்குச் சொன்னீங்களே. "சொன்னனான்தான். ஆனா வாற தாய் தகப்பனோட பேச, கொம்பனிக்காரரோட பேச ஒரு ஆள் வேணும். நீர் டெக்னிக்கல். நம்மட ஆள்தானே, உமக்கு விளங்காதா?"

நம்மட ஆள். வேலை வாங்கும்போதும் நம்மட ஆள், வெட்டும்போதும் நம்மட ஆள். ஆறு வருஷமா அந்த ஒரு சொல்லுக்கு வாயப் பொளந்துக்கிட்டு நின்னேனே, எனக்கு வேணும். நல்லா வேணும்.

கனகலிங்கத்திடம் சொன்னேன். "நீர் சாப்பிட்டீரோ?" என்றார். இல்லை என்றேன். தோசை வார்த்துக் கொடுத்தார். கோணல்மாணலாக இருந்தது, சாப்பிட்டேன்.

10 அக்டோபர், வெள்ளி. சரஸ்வதி பூஜை

பூஜை சுபாங் ஜெயாவில். எல்லாரும் வர வேண்டும் என்று உத்தரவு. நேற்று மாலை மாரிஸ் எல்லாக் கம்ப்யூட்டரையும் ஓட விட்டுக் காட்டினாராம், பிரச்சினை இல்லையாம். இன்று எல்லாம் அணைத்தாயிற்று. படிக்கிற, தொழில் செய்கிற சாமான் இன்று ஓய்வெடுக்க வேண்டும். நாளை காலை நல்ல நேரத்தில்தான் தொடலாம். அதில் தியாகராசா சார் கண்டிப்பு. பேனா மூடியைக்கூடத் திறக்க விடமாட்டார்.

வீரம்மா விடிந்ததிலிருந்து துடைத்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு திரையிலும் சந்தனம், குங்குமம். கீபோர்டு மேல் செவ்வந்தி. மூன்றாவது மாடி ஸ்விட்சுக்குக்கூட ஒரு சின்ன மாலை. அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது.

அந்த மூன்றாவது மாடியில் ஐயர் தீபாராதனை காட்டும்போது நானும் சாரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். ஸ்விட்சிலிருந்து ஒரு நீல ஒயர் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு முனை உள்ளே, மறுமுனை அந்தரத்தில். நாளைக்கு வருகிறவர்களுக்கு முன்னால் தன் லேப்டாப்பை மாட்டிக் காட்ட மாரிஸ் விட்டுவைத்தது. சார் அதையே பார்த்தார். "சாமிக்கு முன்னால இப்பிடியே அந்தரத்தில தொங்க விடுறது?" என்று முணுமுணுத்தபடி, தொங்கிய முனையை எடுத்துப் பக்கத்தில் காலியாக இருந்த ஓட்டையில் சொருகிவிட்டார். 'டக்' என்று உட்கார்ந்தது. திருப்தியாகக் கை கூப்பினார்.

ஒரே ஒயர். இரண்டு முனையும் ஒரே ஸ்விட்சில்.

"சார், அத அப்படி—" என்றேன்.

"பூசை நேரத்தில டெக்னிக்கல் கதைக்காதேயும்."

சரி. ஒரு தடவை சொன்னேன். இரண்டாம் தடவை சொல்லவில்லை. லேப் என் பொறுப்பு இல்லையே, மாரிஸின் பொறுப்பு. காலையில் போட்டதும் தெரிந்துவிடும், கழற்றிவிடுவார். அவருக்குத்தான் எல்லாம் தெரியுமே.

சுண்டல் நன்றாக இருந்தது.

11 அக்டோபர், சனி. விஜயதசமி

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன். பிறகு என் மனசே மாற்றிச் சொல்லும்.

காலையில் யாரும் எதையும் போட்டுப் பார்க்கவில்லை. நல்ல நேரம் வரைக்கும் தொடக் கூடாது அல்லவா. டத்தோ பட்டம் வாங்கிய பெரிய மனிதர் ஒருவர் வந்து குத்துவிளக்கு ஏற்றினார். கீழ் மாடி ஹாலில் பெற்றோர்கள், மாணவர்கள் நிறைந்திருந்தார்கள். டத்தோ ஒரு விசையை அழுத்தினால் நாலு மாடியிலும் எல்லாத் திரையிலும் காலேஜ் பெயர் வர வேண்டும். மேளம் கொட்டியது. அழுத்தினார்.

ஒன்றும் வரவில்லை.

மறுபடியும் அழுத்தினார். வரவில்லை. மாரிஸ் ஓடினார். அணைத்தார், போட்டார், மாடி ஏறினார், இறங்கினார். கோட் முதுகில் ஒட்டிக்கொண்டது. "பவர் ப்ராப்ளம்" என்றார். பிறகு "புகைமூட்டம், மெஷினுக்குள்ள தூசி போயிருக்கும்" என்றார். அப்போது எனக்குச் சிரிப்பு வந்தது. உண்மையாகவே வந்தது. பின்வரிசையில் முந்தானையால் வாயை மூடிக்கொண்டேன். ஒரு ஒயர், ஒரே ஒரு நீல ஒயர், நாலு மாடியையும் கத்தவைத்துக்கொண்டிருக்கிறது. நடுவில் தடுக்க ஆள் இல்லை.

மேளக்காரர்கள் நிறுத்துவதா வேண்டாமா என்று தெரியாமல் மெதுவாக வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போதுதான் தியாகராசா சாரின் குரல் கேட்டது. "ஆர் ஒயரைத் தொட்டது? வீரம்மா, நேத்து நீதானே எல்லாம் துடைச்சனீ?"

வீரம்மா தட்டோடு நின்றாள். ஹால் முழுக்க அவளைப் பார்த்தது.

என் சிரிப்பு போய்விட்டது. படியேறி மூன்றாவது மாடிக்குப் போனேன். ஸ்விட்சில் எல்லா விளக்கும் பிசாசு பிடித்த மாதிரி துடித்துக்கொண்டிருந்தன, மாலைக்கு நடுவில். நீல ஒயரைப் பிடுங்கினேன். விளக்குகள் நிதானமாயின. கீழே கைத்தட்டல் கேட்டது. இறங்கி வந்து பார்த்தால் டத்தோ மாரிஸின் கையைக் குலுக்கிக்கொண்டிருக்கிறார்.

அதோடு விட்டிருக்கலாம். சார் விடவில்லை. "இவளை நாளையிலயிருந்து உள்ள விடாதேயுங்கோ" என்றார், எல்லாருக்கும் கேட்கும்படி.

"வீரம்மா இல்ல சார்" என்றேன். "நீங்க சொருகினது. நேத்து பூஜையில. நான் பக்கத்துல நின்னேன்."

சாரின் முகத்தில் ரத்தமே இல்லை. நான் வீரம்மாவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

"இல்லீங்க" என்றாள். "நான்தான். தொடைக்கிறப்ப கழண்டு தொங்குச்சு, நாந்தான் சொருகிட்டேன். மிஸ்ஸுக்குச் சரியாத் தெரியல."

மிஸ்ஸுக்குச் சரியாகத் தெரியவில்லை.

தியாகராசா சார் தொண்டையைச் செருமினார். "தெரியாமச் செய்த பிழை. நல்ல நாளும் அதுவுமா நாங்கள் மன்னிப்பம்" என்றார். டத்தோ தலையாட்டினார். அதற்கும் இரண்டு பேர் கை தட்டினார்கள்.

சீதாலெட்சுமி முதல் வரிசைக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்தாள். போன மாதப் பரீட்சையில் இந்தக் கோளாறைப் படம் போட்டு விளக்கி எழுதியவள். அவள் அம்மாவுக்கு எந்த ஓட்டையும் எட்டாது. அந்த ஸ்விட்ச் என் தலைக்கு மேலே இருக்கிறது. மாலைகூட ஐயர்தான் போட்டார். அது மகளுக்குத் தெரியும். கீபோர்டில் இருந்த குங்குமத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டே இருந்தாள்.

12 அக்டோபர், ஞாயிறு

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். எனக்கு எது என்றுதான் தெரியவில்லை.

13 அக்டோபர், திங்கள்

கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார். "மாரிஸுக்குக் குடுத்தது உமக்குக் கோபம். அதுக்கு என்னை டத்தோவுக்கு முன்னால..." வாக்கியத்தை முடிக்கவில்லை. "பரவாயில்ல. டத்தோவுக்கு ஒரு போன் போட்டு, பிழையாச் சொல்லிட்டன் எண்டு சொல்லும். இஞ்ச பிரிக்ஃபீல்ட்ஸில தியரி எடும்."

"நீங்கதானே சார் சொருகினீங்க?" என்று கேட்டேன். சத்தம் போடவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டேன். அவருக்கே மறந்துவிட்டதோ என்று.

என்னை நேராகப் பார்த்தார். "வீரம்மாவே ஒத்துக்கொண்டாள்" என்றார்.

மேசையைக் காலி செய்தேன். நாலு மார்க்கர் பேனா, ஒரு கப், ஒயர் முனை நசுக்குகிற குறடு. குறடு என் சொந்தக் குறடு.

வெளியே வரும்போது வீரம்மா படியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஒதுங்கி வழி விட்டாள். ஈரப் படியை மிதித்துக்கொண்டே இறங்கினேன். வேண்டுமென்றேதான்.

19 அக்டோபர், ஞாயிறு

கோயிலில் திருமதி தியாகராசா என்னைப் பார்த்ததும் நவக்கிரகத்தை இன்னொரு சுற்றுச் சுற்றப் போய்விட்டார். குணபூசணிக்குப் பொறாமை என்று ஊர் முழுக்கப் பேச்சாம். கனகலிங்கத்துக்குத் துறைமுகம் வரைக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது. நல்ல நெட்வொர்க். இதற்கு நடுவில் ஒரு பெட்டியும் கிடையாது.

30 அக்டோபர், வியாழன். தீபாவளி

யாரும் வரமாட்டார்கள் என்று முறுக்கு கொஞ்சம்தான் சுட்டேன். மதியம் வாசலில் வீரம்மா. செலாயாங்கிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறாள். கையில் அதிரசம். உள்ளே வரச் சொல்ல வாய் வரவில்லை. கனகலிங்கம்தான், "வாங்கோ, வந்து இருங்கோ" என்றார்.

உட்காரவில்லை. நின்றபடியே சொன்னாள். "மிஸ், நீங்க எனக்காகத்தான் பேசினீங்க. தெரியாம இல்ல. ஆனா அவரு மொகம் கெட்டுப்போச்சுன்னா என்னைய வெச்சிருப்பாரா? நான் போனா எம் மவ படிப்பும் போயிடும். அவளுக்கு இன்னும் ரெண்டு செமஸ்டர் இருக்கு. நீங்க படிச்சவங்க, உங்களுக்கு எங்க போனாலும் வேல கெடைக்கும்."

"எனக்குப் பொய்க்காரின்னு பேரு கெடைச்சிருக்கு வீரம்மா."

"எனக்கு மட்டும் என்ன பேரு மிஸ்?" என்றாள். கோபமாகக் கேட்கவில்லை. விலை விசாரிப்பதுபோல் கேட்டாள்.

அவளுக்காகவா பேசினேன்? பாதி அவளுக்காக. மீதிப் பாதி, அந்த மனிதன் எல்லார் முன்னாலும் தலை குனிய வேண்டும் என்பதற்காக. அந்த மீதிப் பாதியை அவள் கண்டுபிடித்துவிட்டாள் என்று நினைக்கிறேன். வெள்ளிக்கிழமை பூஜையில் இரண்டாவது தடவை வாயைத் திறந்திருந்தால் சனிக்கிழமையே வந்திருக்காது. அதை அவளிடம் சொல்லவில்லை.

முறுக்கு கட்டிக் கொடுத்தேன். "பத்திரமாப் போயிட்டு வாங்க" என்றேன். அதிரசத்தை இன்னும் தொடவில்லை.

31 அக்டோபர், வெள்ளி

அதிரசம் நல்ல பதம். அதுவும் கோபமாக இருந்தது எனக்கு.

19 ஜனவரி 1998, திங்கள்

தெலுக் பங்லிமா காராங்கில் கையுறைத் தொழிற்சாலை. நெட்வொர்க் பார்க்க ஆள் தேவை என்றார்கள், போனேன், எடுத்துக்கொண்டார்கள். ரிங்கிட் விழுந்ததில் எல்லாரும் அழ, ஏற்றுமதிக்காரர்கள் மட்டும் புது யூனிட் கட்டுகிறார்கள். என் பெட்டியை வெட்டிய அதே ரிங்கிட்தான் எனக்குச் சோறு போடுகிறது.

மேனேஜர் லியோங் என்னும் சீனர். வரைபடத்தைக் கொடுத்தேன். பழைய வரைபடம்தான், மாடிக்குப் பதில் யூனிட். நடுவில் விரல் வைத்து, "இது எதுக்கு?" என்றார். சொன்னேன், பந்தி இல்லாமல், ஒரு யூனிட் படுத்தால் மற்ற யூனிட் ஓட வேண்டாமா என்று மட்டும்.

"ஒக்கே லா. வாங்குங்க."

அவ்வளவுதான். ஆறு வருஷம் அங்கே இருந்தும் கிடைக்காதது. கழிவறைக்குள் போய் அழுதுவிட்டு வந்தேன்.

17 ஜூன், புதன்

வீரம்மா போன். சீதாலெட்சுமி பாஸ், முதல் இடம். மாரிஸ் சிங்கப்பூருக்குப் போய்விட்டாராம். லேப் அடிக்கடி படுத்துவிடுகிறதாம். "நல்லது" என்றேன். எதற்கு நல்லது என்று அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. வைத்த பிறகுதான் மகளுக்கு வாழ்த்துச் சொல்லவில்லை என்று நினைவு வந்தது.

30 செப்டம்பர், புதன். சரஸ்வதி பூஜை

தொழிற்சாலையில் நம்மவர்கள் கேட்டு பூஜை வைத்தார்கள். லியோங் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து நின்றார். நைட் ஷிஃப்ட் இல்லை, எல்லாம் அணைத்தாயிற்று. பாக்கிங் யூனிட் ஸ்விட்சுக்கும் மாலை. மாலையைப் பார்த்ததும் சீக்கிரம் கிளம்பிவிட்டேன்.

1 அக்டோபர், வியாழன். விஜயதசமி

காலையில் எல்லா யூனிட்டும் ஓடின. பாக்கிங்கில் மட்டும் லேபிள் அடிக்கவில்லை. போய்ப் பார்த்தேன். ஸ்விட்ச் விளக்குகள் துடித்துக்கொண்டிருந்தன. நேற்று வரைக்கும் தொங்கிக்கொண்டிருந்த ஒயரின் முனை பக்கத்து ஓட்டைக்குள் அழகாக உட்கார்ந்திருந்தது. அதன்மேல் ஒரு பொட்டு சந்தனம்கூட.

உலகத்தில் தொங்குகிற ஒயரைப் பார்த்தால் சும்மா இருக்க முடியாத சாதி நாங்கள்.

பிடுங்கினேன். லேபிள் ஓட ஆரம்பித்தது. அதற்குள் லியோங் வந்துவிட்டார். "யார் இதைத் தொட்டது?" சத்தமில்லாமல்தான் கேட்டார். ஆனால் நின்றிருந்தவர்கள் எல்லாருடைய கண்ணும் மூலையில் துடைப்பத்தோடு நின்ற பெண் பக்கம் போயிற்று. எங்கே போனாலும் கண் அங்கேதான் போகும்போல. பூஜையை முன்னால் நின்று நடத்திய செக்யூரிட்டி கார்டு ரெங்கசாமி அண்ணே தன் விரல்களைப் பார்த்தார். விரலில் இன்னும் சந்தனத்தின் மஞ்சள்.

"நான்தான்" என்றேன். "நேத்து டெஸ்ட் பண்ணிட்டுக் கழட்ட மறந்துட்டேன்."

லியோங் கடிகாரத்தைப் பார்த்தார். "மத்த யூனிட்?"

"ஓடுது."

"அப்ப சரி லா. அடுத்த தடவை ஒரு ஸ்டிக்கர் ஒட்டி வைங்க" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். ரெங்கசாமி அண்ணே என்னவோ சொல்ல வந்தார். "பிரசாதம் மிச்சம் இருக்கா அண்ணே?" என்று கேட்டு அனுப்பிவிட்டேன்.

ஒரு மூலைதான் நின்றது, அதுவும் கொஞ்ச நேரம். அதனால் அந்தப் பொய் எனக்குக் கட்டுப்படியாயிற்று. யாருக்கும் முகம் போகவில்லை, யாருக்கும் வேலை போகவில்லை. சுபாங் ஜெயாவில் இந்த நடுப்பெட்டி இருந்திருந்தால் வீரம்மா பொய் சொல்லியிருக்க வேண்டாம். நானும் உண்மை சொல்லியிருக்க வேண்டாம்.

இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று இருந்தது. மத்தியானம் செலாயாங்குக்கு, வீரம்மா வீட்டுக்கு ஒரு போன் போட்டேன். அடித்துக்கொண்டே இருந்தது. இன்னும் படி துடைத்து முடித்திருக்க மாட்டாள். மாலையில் மறுபடியும் போட வேண்டும்.